நிய்யத் மட்டும் போதுமா?

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பை எண்ணத்தின் முதன்மையைக் கூறும் நபிமொழியைக் கொண்டே தொடங்கினார்கள். நம் மக்தபுகளில் சிறுவர்கள் முதலில் மனனம் செய்வதும் பெரும்பாலும் அதனையே. செயலின் உயிர் நிய்யத் என்னும் பாடத்தை நாம் தாய்ப்பாலோடு பருகி வளர்ந்தோம். எனினும், நன்கு பழகிய உண்மையைத்தான் மனிதன் எளிதில் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறான். என் எண்ணம் நல்லது, ஆகவே என் செயலும் நல்லதே என்று நெஞ்சைத் தேற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கத்தை உரைத்துப் பார்க்கும் வாய்ப்பொன்று அண்மையில் நமக்குக் கிட்டியது.

நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் உடற்பயிற்சிக் கூடமொன்றில் பயிற்றுநராக இருக்கிறார். அத்தொழிலில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உடையவர். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும், பெற்றுக்கொண்டிருப்பவர்களும் இப்போது அவரை நாடி வருகிறார்களாம். பெருங்குடலில் அறுவை செய்துகொண்டவர் ஒருவர். புராஸ்டேட் புற்றுக்கு ஊசி போட்டுக்கொள்பவர் மற்றொருவர். கூடத்தின் மேலாளரோ, இதற்கென உள்ள தனிச் சான்றிதழைப் பெறாமல் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கலாகாது என்று தடுத்துவிட்டார். அந்நாட்டில் அச்சான்றிதழ் நான்காம் நிலையைச் சேர்ந்தது. அதற்கு முன்பாக, மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் நோயாளிகளுக்குப் பயிற்சியளிக்கும் மூன்றாம் நிலைத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். பணமும் செலவாகும், மாதங்களும் கழியும். மாணவர் எழுதினார்: “ஹஜ்ரத், இவர்கள் துன்பத்தோடு என்னிடம் வருகிறார்கள். எனக்கு அனுபவம் இருக்கிறது. இவர்களுக்கு நன்மை செய்ய வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இல்லை. இந்த நிய்யத் போதாதா? ஒரு காகிதத்திற்காக இவர்களைத் திருப்பி அனுப்புவது பாவமாகாதா?”

ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தோம், இயலவில்லை. எனவே அம்மாணவருக்கு எழுத எண்ணியதை வாசகர்கள் முன்னிலையிலேயே விரித்து எழுதுகிறோம்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். உடலுக்குள் கட்டுக்கடங்காமல் வளரும் இந்நோயைக் கண்ட தமிழன் கறையான் எழுப்பும் புற்றை நினைத்தான். அரபியரும் அவர்களுக்கு முன் கிரேக்கரும் நண்டை நினைத்தனர். ‘ஸரதான்’ என்னும் அரபுச் சொல் நண்டையும் குறிக்கும், இந்நோயையும் குறிக்கும். நண்டின் பிடியில் அகப்பட்டவருக்கு உலகம் கூறிவந்த அறிவுரை ஒன்றே: ஓய்வெடு, அசையாதே, பளு தூக்காதே. அன்புடையோர் அனைவரும் ஒரே குரலில் கூறிய அறிவுரை அது. மருத்துவர்களும் நெடுங்காலம் அதையே கூறினர். மார்பகப் புற்றுக்காக அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட பெண்களுக்குக் கை வீங்கிவிடும் அபாயம் உண்டு. ஆதலால் அக்கையால் கனமான எதையும் தூக்கலாகாது என்பது எழுதப்படாத சட்டமாகவே இருந்தது.

1996-ஆம் ஆண்டில் கனடா நாட்டு வான்கூவர் நகரில் டான் மெக்கன்சி என்னும் மருத்துவர் அச்சட்டத்தைச் சோதிக்கத் துணிந்தார். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைத் திரட்டினார். முறையாக உடலைப் பழக்கி, துடுப்பு வலிக்கும் நீண்ட படகில் அவர்களை அமர்த்தினார். துடுப்பு வலிப்பது கைக்கும் தோளுக்கும் கடுமையான உழைப்பு. எனினும், அஞ்சியவாறு அவர்களுள் எவருக்கும் புதிதாகக் கைவீக்கம் தோன்றவில்லை. பின்னர், அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் ஆய்வாளரின் குழுவினர், ஏற்கெனவே கைவீக்கம் உடைய 141 பெண்களை இரு பிரிவாக்கி ஓராண்டு ஆராய்ந்து, முடிவை 2009-இல் வெளியிட்டனர். சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகப் பளு தூக்கிய பிரிவினருக்கு வீக்கம் கூடிவிடவில்லை. அந்நோய் திடீரெனக் கடுமையாவது அவர்களிடையே 14 விழுக்காடாகவும், பயிற்சி செய்யாதோரிடையே 29 விழுக்காடாகவும் இருந்தது. அப்பெண்கள் தாமாகக் கண்டதைத் தூக்கவில்லை என்பதை இங்கே மறக்கலாகாது. தொடக்க வாரங்களில் தகுதி பெற்ற பயிற்றுநர்கள் அருகிலிருந்து கற்பித்தனர். கையில் இறுக்கமான உறையும் அணிவிக்கப்பட்டது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய வல்லுநர் குழு 2010-இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. சோம்பிக் கிடத்தலைத் தவிர்க்க என்பதே அதன் சாரம். 2019-இல் வெளியான அடுத்த நெறிமுறை அளவையும் வரையறுத்தது: வாரம் மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், மிதமான மூச்சிரைப்புத் தரும் நடை போன்ற பயிற்சி, அத்துடன் வாரம் இரு முறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. களைப்பு, கவலை, மனச்சோர்வு ஆகியவை குறைவதற்கும், அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றல் கூடுவதற்கும் இவை துணைபுரிகின்றன என்று அக்குழு முடிவு கண்டது. 2025-இல் வெளியான ஆய்வொன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் 55 மையங்களில், பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டுக் காலம் ஒழுங்கான பயிற்சியும் வழிகாட்டுதலும் அளிக்கப்பட்டன. மற்றவருக்கு நலக் கல்விக்கான ஏடுகள் மட்டும் வழங்கப்பட்டன. எட்டாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் முதற் பிரிவில் 90.3 விழுக்காடு, இரண்டாவதில் 83.2 விழுக்காடு.

இக்கணக்குகளைப் படித்தபோது நம் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையன்று.

18 ஆண்டுகளுக்கு முன் நம் உடன்பிறந்த சகோதரிக்கு மார்பகத்தில் அறுவை நடந்தது. வீட்டுக்கு மூத்த ஆண் என்ற முறையில், அவரை அசையவிடக்கூடாது என்று கட்டளையிட்டவர் நாமே. குடம் தூக்கவிடவில்லை, துணி உலர்த்தவிடவில்லை, குர்ஆன் ஷரீபை மாடத்திலிருந்து எடுப்பதற்குக்கூட ஒரு பிள்ளையை ஏவினோம். மருத்துவமனையில் சில பயிற்சிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வலியால் அவர் முகம் சுளித்ததைக் கண்டு, “வேண்டாம், விட்டுவிடு” என்று அத்தாளை மடித்துவைத்தவரும் நாமே. மாதங்கள் சில கழிந்தன. ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்காக நின்ற சகோதரி, தக்பீருக்குக் கையை உயர்த்த முயன்று, தோளளவுகூட உயர்த்த முடியாமல் நின்றதைக் கண்டோம். தோள் இறுகிப் போயிருந்தது. நம் அன்புதான் அதைப் பூட்டிவைத்திருந்தது. பின்னர் இயன்முறை மருத்துவம் பயின்ற ஒரு பெண்மணி, சுவரில் விரல்களால் ஏணி ஏறுவதுபோல் நாள்தோறும் கையை ஏற்றிப் பழக்கினார். சுவரில் பென்சிலால் கோடு இழுத்து, நேற்றைய கோட்டை இன்று விரல் தாண்டுகிறதா என்று பார்ப்பார். கை முழுதும் உயர ஓராண்டாயிற்று. நம் நிய்யத்தில் மாசு இருந்தது என்று எவரும் கூற முடியாது. ஆனால் அந்த ஓராண்டுத் துன்பத்தை நம் நிய்யத் தடுக்கவில்லை. நம் நிய்யத்தே விளைத்தது.

இத்தகைய நிகழ்ச்சி நபித்தோழர் காலத்திலும் உண்டு. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. அவருக்குக் குளிப்புக் கடமையான நிலை ஏற்பட்டபோது, தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறினர். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது கடுமையாகச் சினந்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கண்டித்தார்கள்; அறியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா என்று வருந்தினார்கள். அபூதாவூதில் பதிவான நிகழ்ச்சி இது. அத்தோழர்களின் நிய்யத்தில் என்ன குறை? மார்க்கத்தைக் காக்க வேண்டும் என்றே அவர்கள் எண்ணினர். ஆயினும் அறியாமையால் கூறிய சொல் ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. நல்லெண்ணத்தை அங்கே எவரும் விடையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஃபிக்ஹு நூல்கள் இதனை இரண்டாகப் பிரித்து விளக்குகின்றன. பாவம் என்பது ஒன்று. ‘ளமான்’ எனப்படும் ஈட்டுப் பொறுப்பு என்பது மற்றொன்று. உறங்குகின்ற ஒருவர் புரண்டு படுத்து, அருகிலிருந்த பிறருடைய பாத்திரத்தை உடைத்துவிட்டால் அவர்மீது பாவம் இல்லை. ஆனால் பாத்திரத்தின் விலையை அவர் கொடுத்தாக வேண்டும். நிய்யத் பாவத்தைத் துடைக்கலாம்; உடைந்த பாத்திரத்தை அது ஒட்டவைப்பதில்லை. பாத்திரத்திற்கே இவ்வாறெனில், ஒரு மனிதரின் எலும்புக்கும் இதயத்திற்கும் எவ்வாறிருக்கும்?

மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைத்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிமொழி. அந்நபிமொழியில் வரும் வினைச்சொல்லை நோக்குங்கால் ஒரு நுட்பம் புலப்படும். அங்கே ஆளப்பட்டிருப்பது ‘ததப்பப’ என்னும் சொல். ஸர்ஃபு படித்த மாணவர்கள் அதை ‘தஃபஅ்உல்’ பாபைச் சேர்ந்தது என்று அறிவார்கள். தன்னிடம் இயல்பாக இல்லாத ஒன்றை வலிந்து மேற்கொள்வதை அவ்வடிவம் குறிக்கும். வீரத்தை வலிந்து வரவழைத்துக்கொள்வதற்கு ‘தஷஜ்ஜஅ’ என்பது போல, மருத்துவனாகத் தன்னை வலிந்து ஆக்கிக்கொண்டவன் என்பது இதன் பொருள். ஹிஜ்ரி 751-இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இந்நுட்பத்தை விளக்கிவிட்டு, நோயாளி அவனை அறிந்தவன் என்று நம்பித் தன் உடலை ஒப்படைத்திருந்தால் பொறுப்பு அவனையே சேரும் என்கிறார்கள். அவன் அறியாதவன் என்று தெரிந்தே நோயாளி இசைந்திருந்தால் வழக்கு வேறு. ஆகவே, ஒருவர் தம் தகுதியின் அளவை மறைக்காமல் சொல்வதும் இப்பொறுப்பின் ஒரு பகுதியே.

நம் மாணவர், “நான் மருத்துவன் அல்லவே, பயிற்சிதானே சொல்லிக்கொடுக்கிறேன்” என்று கேட்கக்கூடும். உடற்பயிற்சியை மருத்துவத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்துவது பழைய ஹகீம்கள் அறியாத பிரிவினை. இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலின் முதற் பகுதியிலேயே உடற்பயிற்சியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். முதியோருக்குரிய பயிற்சியைத் தனியாகவும் குறித்துள்ளார். பயிற்சிக்கு அவர் ஆளும் சொல் ‘ரியாளத்’. பழகாத குதிரைக் குட்டியைப் பழக்குவதற்கும், ஸூஃபிகள் நஃப்ஸை ஒடுக்கிப் பழக்குவதற்கும் அரபியில் அதே சொல்தான். குட்டியின் வலிமையும் அச்சமும் அறியாமல் சாட்டையை எடுப்பவன் அதை முடமாக்குவான். அச்சத்தால் கயிற்றை அவிழ்க்காமலே விடுபவனும் அதை முடமாக்குவான்.

இனி, சான்றிதழ் என்பது யாது? இதற்கு விடை தேடி ஆயிரமாண்டுக்கும் மேல் பின்செல்ல வேண்டும். ஹிஜ்ரி 319-இல், அதாவது கி.பி. 931-இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி அறிந்த கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவர் தேர்ந்து அனுமதித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணையிட்டார். ஏற்கெனவே புகழ்பெற்றவர்களும் அரண்மனை மருத்துவர்களும் நீங்கலாக, 860-க்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்தனர் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஒவ்வொருவருக்கும் எது தகுமோ அதைச் செய்யுமாறு ஸினான் அனுமதி வழங்கினார். அனைவருக்கும் ஒரே அளவாக அவர் வழங்கவில்லை.

அத்தேர்வுக்கு முதியவர் ஒருவர் வந்தார். தோற்றத்தில் கம்பீரம்; உடையில் செல்வம். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தி, யாரிடம் பயின்றீர்கள் என்று கேட்டார். முதியவர் ஒரு பொட்டலத்தில் பொற்காசுகளை எடுத்து முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், பிள்ளைகுட்டிகளைக் காக்க வேண்டியிருக்கிறது என்றும், பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டினார். ஸினான் நகைத்தார். அறியாத நோயில் கைவைப்பதில்லை, எளிய நோய்களுக்கன்றி இரத்தம் எடுப்பதும் பேதி கொடுப்பதும் இல்லை என்ற நிபந்தனையில் இசைந்தார். வாழ்நாள் முழுதும் தேனும் காடியும் சேர்ந்த பானகத்தையும் பன்னீர்ச் சர்பத்தையும் தாண்டித் தாம் எதுவும் கொடுத்ததில்லை என்று முதியவர் கூறினார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றீர் என்ற கேள்விக்கு, நேற்று வந்த அம்முதியவரே தம் தந்தையும் ஆசானும் என்றார். அவர் வழியிலேயே நிற்கிறீரா என்று ஸினான் கேட்டார். ஆம் என்றார் இளைஞர். அவ்வழியைத் தாண்டாதீர் என்று கூறி அனுப்பிவைத்தார்.

காசை முன்வைத்தவருக்கு அனுமதி வழங்கியதில் குறை காண இடமுண்டு. எனினும் அந்நிகழ்ச்சியின் சாரம் அந்நிபந்தனையில் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு அறிந்தவர் என்பதைவிட, எந்த இடத்தில் நின்றுகொள்வார் என்பதையே ஸினான் உறுதிசெய்துகொண்டார். இன்றைய சான்றிதழின் உட்பொருளும் அதுவே என்று நாம் கருதுகிறோம்.

அப்படிப்பில் கற்பிக்கப்படுவன யாவை என்று பார்த்தால் இது தெளிவாகும். ஒரு பயிற்றுநருக்குப் பளு தூக்கக் கற்பிக்க முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது, நோயும் சிகிச்சையும் அவ்வுடலில் விட்டுச்சென்ற மாற்றங்கள். புற்று எலும்பில் பரவியிருந்தால், முதுகை முறுக்குவதும் அவ்விடத்தில் பளுவை ஏற்றுவதும் எலும்பை முறிக்கக்கூடும். சில கீமோதெரபி மருந்துகள் இதயத்தின் வலுவைக் குறைக்கும். சில மருந்துகள் பாதங்களின் உணர்ச்சியை மரக்கச் செய்யும்; அவர் ஓடும் இயந்திரத்தில் ஏறினால் விழுவார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், பலர் தொட்ட கருவிகளைத் தொட்டால் தொற்று வரலாம். இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் சிறு அடியும் பெரும் இரத்தக் கசிவாகும். குடலறுவையில் வயிற்றின்மேல் செயற்கை மலவாய் அமைக்கப்பட்டவர் மூச்சை அடக்கிப் பளு தூக்கினால் குடல் பிதுங்கலாம். காய்ச்சல், புதிதாகத் தோன்றிய எலும்பு வலி, திடீர்க் கைவீக்கம் ஆகியவற்றைக் கண்டால் அன்றைய பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் நலமான உடல்களோடு பழகியவருக்கு இவற்றுள் எதுவும் அனுபவத்தால் வந்துசேராது. நலமானவர்களிடம் பெற்ற அனுபவம் அவருக்குத் துணிவைத் தந்திருக்கும். அத்துணிவே இங்கு ஆபத்து. மேற்கூறிய 2025-ஆம் ஆண்டின் ஆய்விலும், தசை, மூட்டு, எலும்பு சார்ந்த தொல்லைகள் பயிற்சி செய்தோரிடம் 18.5 விழுக்காடும், செய்யாதோரிடம் 11.5 விழுக்காடும் காணப்பட்டன. வழிகாட்டுவோர் உடனிருந்தும் அவ்வாறெனில், வழியறியாதவர் கையில் என்ன நேரும்?

சான்றிதழ் பெற்றவர் அனைவரும் திறமையாளரா என்ற கேள்வி எழலாம். அல்லர். நம் மதரஸாக்களிலும் ஸனது பெற்றவருள் ஓதுதலில் தடுமாறுவோர் உண்டு; ஸனது இல்லாத மூதாட்டி ஒருவர் எழுத்துப் பிசகாமல் ஓதுவதையும் நாம் கேட்டதுண்டு. அதற்காக இஜாஸாவை நாம் எறிந்துவிடவில்லை. அறிந்த ஒருவர் முன்னிலையில் ஓதிக்காட்டி, பிழைகள் திருத்தப்பட்டு, பிழைத்தால் கேட்பதற்கு ஓர் ஆசான் உண்டு என்னும் கட்டுக்குள் வருவதே இஜாஸா. காகிதம் அக்கட்டின் அடையாளம். நோயாளிக்கும் அது தேவை. ஏனெனில் பயிற்றுநரின் உள்ளத்தைத் திறந்து பார்க்க அவரால் இயலாது. அல்லாஹ் நிய்யத்தை அறிவான்; நோயாளி அறியமாட்டார். அவர் நம்பிப் பிடித்துக்கொள்ள வெளியில் தெரியும் ஓர் ஆதாரம் வேண்டும்.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் எழுதினார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, மாணவர்கள் ஃபிக்ஹுக் கல்வியை நோக்கியே முண்டியடிக்கின்றனரே என்று வருந்தினார்கள். ஃபிக்ஹு ஓதிக்கொடுத்துப் பிழைக்கும் நமக்கு அவ்வரிகள் இன்றும் சுடுகின்றன. மார்பகத்தில் அறுவை செய்துகொண்ட முஸ்லிம் பெண்மணி, ஆண்கள் நிறைந்த கூடத்தில் அந்நிய ஆணிடம் தோள் பயிற்சி கற்கமாட்டார், வீட்டிலேயே முடங்குவார். அவருக்குக் கற்பிக்கத் தகுதி பெற்ற பெண்கள் நம்மிடையே உருவாகாத வரையில், அக்கடமையின் சுமை நம் அனைவர் தோளிலும் கிடக்கிறது.

தகுதி பெற்ற பின்னரும் பயிற்றுநர் காத்துக்கொள்ள வேண்டிய எல்லை ஒன்றுண்டு. அது நாவின் எல்லை. பயிற்சி நன்மை தரும் என்று சொல்லலாம். பயிற்சி செய்தால் நோய் திரும்பாது என்று சொல்லலாகாது. மேற்கண்ட கணக்கை மீண்டும் நோக்குக. பயிற்சி பெற்றவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் எட்டாண்டுக்குள் உலகைப் பிரிந்தனர். பெறாதவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நோய் திரும்பிவிட்ட ஒருவரிடம், “ஒழுங்காக நடந்திருந்தால் வந்திருக்குமா?” என்று கேட்பவர் அவரை இரண்டாம் முறை நோய்ப்படுத்துகிறார். கீமோதெரபி முடிந்த மறுநாள் எழ இயலாமல் படுத்திருப்பவர் சோம்பேறியல்லர். முயற்சி அடியானுடையது, முடிவு அல்லாஹ்வுடையது. தவக்குல் என்பதை உழைப்பைக் கைவிடுவதற்குச் சாக்காக்குவோர் பலர். உழைத்தவருக்கு முடிவு கைகூடாதபோது அவரைக் குற்றவாளியாக்காமல் காப்பதும் அதே தவக்குல்தான் என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை.

நோயாளியை அளந்து நடத்தும் முறையை நம் ஷரீஅத்திலேயே நாள்தோறும் ஐந்து முறை காண்கிறோம். மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றி வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். படி குறைக்கப்பட்டது; வாயில் அடைக்கப்படவில்லை. நிற்க முடிந்தவர் படுத்துத் தொழுதால் கடமை நிறைவேறாது. நிற்க முடியாதவரை நிற்கச்சொல்வது கொடுமை. எந்தப் படியில் ஒருவர் நிற்கிறார் என்று அறிவதற்கு ஃபிக்ஹு அறிஞரும் நம்பகமான மருத்துவரின் சொல்லை நாடுகிறார். முஃப்தியே தம் எல்லையில் நின்று பிறரைக் கேட்கும்போது, ஒரு பயிற்றுநர் கேட்பதில் என்ன இழிவு?

ஆகவே அம்மாணவருக்கு நாம் எழுதும் விடை இது: தம்பி, உம் நிய்யத் நல்லது, அதனால்தான் அது உம்மைக் கற்கச் சொல்கிறது. சான்றிதழைப் பெறும். அதுவரை இவர்களை வெறுங்கையோடு திருப்ப வேண்டியதில்லை. நான் இதற்குத் தகுதி பெற்றவனல்லன் என்று முதலில் சொல்லிவிடும். அவரவர் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டுவரச் சொல்லும். மருத்துவர் இசைந்தவரோடு மாலையில் அவருடைய நடைக்கு உம் நடையைக் குறைத்துக்கொண்டு ஒரு தோழராக நடந்துவாரும். பக்தாத் முதியவரின் பானகமும் சர்பத்தும் உமக்கு இப்போதைக்கு அவ்வளவே. படிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த நாளில், எதைச் செய்ய அனுமதி கிடைத்தது என்பதை ஒரு முறையும், எங்கே நிறுத்தக் கற்றோம் என்பதை இரு முறையும் நினைத்துப்பாரும். உம்மிடம் வருவோரில் குணமடையாதவர்களும் இருப்பார்கள். தாமாக எழுந்து ஒளுச் செய்யவும், பேரப்பிள்ளையை மடியில் ஏற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு இன்னும் சில நாள் வலு இருந்தால் அதுவும் பெரும் பேறுதான், அதற்கும் உழையும்.

நம் சகோதரி இன்றும் அல்லாஹ்வின் அருளால் நலமாக இருக்கிறார். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அச்சுவரின் பென்சில் கோடுகளை அழித்துவிடலாமா என்று வந்த ஆட்கள் கேட்டார்கள். நாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அக்கோடுகள் அங்கேயே இருக்கின்றன.

அறியாமல் நாம் செய்த தீங்குகளை வல்ல நாயன் மன்னிப்பானாக. அறிந்து செய்யும் நன்மைகளை நம் கைகளில் பெருகச் செய்வானாக. ஆமீன்.